கடல் முழுக்க ஒரே ஆள்

மார்ச் 3, செவ்வாய்

கேட் தூணில் காரை இடித்துவிட்டேன். இல்லை, இடிக்க வைக்கப்பட்டேன். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்றுகொண்டு "வா... வா... வா..." என்று கையாட்டியது யார்? என் வீட்டுக்காரர். அதை நம்பி வந்தது யார்? நான். டமார்! பின் விளக்கு போச்சு.

இறங்கிப் பார்த்தால் மனுஷன் ஒரு கையில் போனோடு மறு கையால் தூணைத் தடவிக்கொண்டு நிற்கிறார். காரை இல்லை, என்னை இல்லை, தூணை! "கப்பலையே ஓட்டுறவளுக்கு ஒரு கேட்டைத் தாண்டத் தெரியலையே" என்று வேறு சொன்னார். எதிர் வீட்டுக்காரர் சிரித்தார்.

அவராக வந்து பேசும்வரை நான் பேசப்போவதில்லை. முடிவு முடிவுதான்.

மார்ச் 4, புதன்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. நடுவில் மாமியார்தான் தபால்காரர். "அவ சாவி எங்கேன்னு கேக்குறா." "அவன் ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்றான்." மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே சோபாவில்.

வெள்ளிக்கிழமை சிமுலேட்டர் தேர்வு. பாஸானால் சீஃப் ஆபீசர் வேலை, மாதக் கடைசியில் கப்பல். செகண்ட் ஆபீசராகவே எத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டேன்!

சிமுலேட்டர் என்றால் ஓர் அறை, அவ்வளவுதான். கப்பலை மேலிருந்து ஓட்டும் பிரிட்ஜ் அறை மாதிரியே சுக்கான், ரேடார், போன் எல்லாம் இருக்கும். சுற்றிலும் திரையில் கடல் ஆடும். தரை ஆடாது, ஆனாலும் நாங்கள் சாய்ந்து சாய்ந்துதான் நிற்போம். அந்தக் கடலில் எதிரே வரும் கப்பல், மீன்பிடிப் படகு, நம்மை இழுக்க வரும் டக் போட், துறைமுகக் கட்டுப்பாட்டறை, தன் அறையில் படுத்திருக்கும் கேப்டன் - இத்தனை பேருக்கும் குரல் கொடுப்பது பக்கத்து அறையில் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள்.

அது என் வீட்டுக்காரர்தான் என்று எழுதவும் வேண்டுமா? நிஜக் கப்பலில் ஏறினால் வாந்தி எடுப்பார். இங்கே கடலையே அவர்தான் நடத்துகிறார்.

மார்க் போடுவது நல்லவேளை அவர் இல்லை, மீசை. ஓய்வு பெற்ற கேப்டன். மீசை முதலில் அறைக்குள் வரும், பிறகு அவர் வருவார். இவர் கேப்டன் குரலுக்கு மீசையைத்தான் காப்பியடிக்கிறார். ஊருக்கே தெரியும், மீசைக்குத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

ஃபெயில்.

பனிமூட்டம் போட்டார்கள். முன்னால் நாலைந்து படகுகள் தாறுமாறாக. போனுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது: சந்தேகமா, கேப்டனைக் கூப்பிடு. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? போனை எடுத்தால் மறுமுனையில் கேப்டன். கேப்டன் யார்? தூணைத் தடவியவர். நானாகப் போய் முதலில் பேசுவதா? அதுவும் "சார்" போட்டு? நானே சமாளித்துக்கொள்கிறேன் என்று படகுகளைச் சுற்றி அழகாக வளைத்தேன். கால்வாய் ஓரத்தில் ஒரு விளக்குத் தூண் நின்றது.

ஆமாம். மறுபடியும் தூண்.

உடனே ரேடியோவில் துறைமுகக் கட்டுப்பாட்டறை, மிக மரியாதையாக, தூணுக்கு ஏதாவது சேதமா என்று விசாரித்தது. சுக்கான் பிடித்திருந்த நெட்டை - என்னோடு தேர்வு எழுதுபவர் - தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மீசை கேட்டார்: "மத்ததெல்லாம் சரியாத்தான் பண்ணீங்க. கேப்டனை ஏம்மா கூப்பிடலை?" என்ன சொல்வேன்? எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை சார் என்றா?

புதன்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

மார்ச் 8, ஞாயிறு

தபால்காரர் சொந்தச் சரக்கைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். "உன்னை நெனச்சு அவன் கண்ணே மூடலைம்மா" என்கிறார். அந்தக் குறட்டையை நான் கேட்கவில்லையா? இன்று இவர் மன்னிப்புக் கேட்டதாக என்னிடமும், நான் கேட்டதாக இவரிடமும் சொல்லியிருக்கிறார். விளைவு? நேரில் வந்து கேட்கட்டுமே என்று இருவரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பயமாக இருக்கிறது. புதன்கிழமையும் போய்விட்டால்? இந்த மாதிரி பயம் வந்தால் வழக்கமாக இவரிடம்தான் சொல்வேன். "பாத்துக்கலாம் விடு" என்பார். அதில் ஒரு விஷயமும் இருக்காது, ஆனாலும் தூக்கம் வரும்.

மார்ச் 10, செவ்வாய்

நாளைக்குப் போனை எடுத்தே தீர்வேன். அது கேப்டன். என் வீட்டுக்காரர் இல்லை. கேப்டன். கண்ணாடி முன் நின்று "சார்" சொல்லிப் பார்த்தேன். பல்லைக் கடிக்காமல் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 11, புதன்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அதே பனி. எதிரே ஒரு பெரிய கப்பல் இடமா வலமா என்று புரியாமல் வந்துகொண்டிருந்தது. போனை எடுத்தேன்.

"சார், எதிர்ல வர்ற கப்பல் எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியலை. எனக்குச் சந்தேகமா இருக்கு. மேல வாங்க."

பதில் வந்தது மீசையின் குரலில் இல்லை, இவருடைய சொந்தக் குரலில்: "வர்றேன்."

வழக்கமாகக் கேப்டன் வரமாட்டார். "வந்துக்கிட்டிருக்கேன், நீயே பாத்துக்கோ" என்று குரல் மட்டும் வரும். அதுதான் தேர்வு. நான் ரேடியோவில் எதிர்க்கப்பலைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. துறைமுகம்? பதில் இல்லை. டக் போட்? மூச்சு இல்லை. உலகத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்ன ஆயிற்று?

கதவு திறந்தது. டக் போட், துறைமுகம், எதிர்க்கப்பல், கேப்டன் எல்லாரும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அன்னைக்கு நான் போனைப் பாத்துக்கிட்டே வா வான்னு சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் கலங்கியது. ஆனால் எதிரே கப்பல் வருகிறதே! "அப்புறம் பேசலாம், ஓரமா நில்லுங்க" என்றேன். எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தேன். கப்பல் முனகி முனகி நின்றது. பெரிய கப்பல் எங்கள் மூக்குக்கு முன்னால் தன்பாட்டுக்குக் கடந்து போனது. நெட்டை சுக்கானை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

மீசை ஓடி வந்தார். "உங்களை யாருய்யா இங்க வரச் சொன்னது?"

"அவங்கதான் சார் கூப்பிட்டாங்க."

மார்ச் 12, வியாழன்

பாஸ்! கேப்டனை நேரத்தில் கூப்பிட்டதற்கு முழு மார்க். யாருமே பதில் சொல்லாதபோது கப்பலை நிறுத்தியதற்குத் தனிப் பாராட்டு. இனி நாற்காலியை விட்டு எழுந்தால் வேலை போய்விடும் என்று இவருக்கு எச்சரிக்கை.

ஒரு சின்ன விஷயம். தேர்வில் நடப்பதெல்லாம் பதிவாகும், பிறகு வகுப்பில் போட்டுக்காட்டுவார்கள். "தப்பு என்மேலதான்" என்பதை மீசை திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பழைய பதிவுகளையும் போட்டதில் கேப்டன் குரல் வந்ததும் தலையைச் சாய்த்து, "இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார். நெட்டை மறுபடியும் தொப்பிக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் சொன்னேன், நான் கண்ணாடியைப் பார்க்காமல்தான் பின்னால் வந்தேன் என்று. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். தபால்காரர் வேலை போன வருத்தம் முகத்தில் தெரிந்தது.

மார்ச் 29, ஞாயிறு

பெட்டி கட்டியாச்சு. காரை நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன். இவர் பின்னால் நின்றார், போன் மாமியார் கையில். பாதியில் நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டேன். தூணுக்கு இன்னும் எவ்வளவோ இடமிருந்தது. சும்மா இவர் பக்கத்தில் போய் நிற்கத்தான் இறங்கினேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கடலில். காலையில் நிஜப் பனி. எதிரே ஒரு கப்பல், எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. யோசிக்கவே இல்லை, போனை எடுத்து "சார், மேல வாங்க" என்றேன். கேப்டன் வந்து என் பக்கத்தில் நின்றார்.

ரேடியோவில் எதிர்க்கப்பல் பேசியது. துறைமுகம் பேசியது. டக் போட்காரர் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். கேப்டன் மேலே வந்த பிறகும் எல்லாரும் அவரவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு குரல்கூட என் வீட்டுக்காரருடையது இல்லை. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.