நெஞ்சில் விட்ட வெள்ளை

ராமல்லா
3 மே 1984

அன்புள்ள விஸாலுக்கு,

உன்மீது அமைதி உண்டாகட்டும். பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிறவள் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். எனக்கு அவசரம்.

உன் மகள் சுஹைருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை பள்ளி வாத்தியார், தங்கமான பையன். ஆகஸ்ட் கடைசியில் மருதாணி. கல்யாண அங்கியின் மார்புத் துண்டுதான் என் உயிரை வாங்குகிறது. வெள்ளை லினன், கறுஞ்சிவப்பு நூல். பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையல் ஒழுங்காகத்தான் விழுகிறது. ஆனால் ஒவ்வொரு தையலின் மூலையிலும் துணி எட்டிப் பார்க்கிறது, உப்புத் தூவினதுபோல. மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டு, "துணிக்குக் குளிராதா? இன்னும் கொஞ்சம் போத்தக் கூடாதா?" என்று சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

நீ விட்டுப்போன உன் கல்யாண அங்கி என் பெட்டியில்தான் இருக்கிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி வெள்ளை இல்லை. எப்படி விஸால் அப்படி மூடினாய்? சொல்லிவிடு. சுஹைரின் அப்பாவுக்கு, என் தம்பிக்கு, இந்தக் கடிதம் தெரியாது. மாதிரிக்குத் தைத்த ஒரு சிறு துண்டை டாக்ஸிக்கார அபூ ரஜாயியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ரபீஹா

அம்மான்
19 மே 1984

ரபீஹா அக்காவுக்கு,

மன்னிப்பைக் கேட்டதாக வைத்துக்கொண்டேன். கொடுத்ததாக நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். மகளுக்குக் கல்யாணம் என்று சொல்கிறீர்கள், அவள் என்ன உயரம் என்று ஒரு வரி எழுதவில்லை.

துணியில் இழைகளுக்கு நடுவே கண் பெரிது. இதற்கு இரண்டு இழை போதாது, மூன்று போடுங்கள். நாலு வேண்டாம், துணி விறைத்துக்கொள்ளும். நூலின் ஆறு இழையையும் ஒவ்வொன்றாக உருவிப் பிரித்துவிட்டு மூன்றைச் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள், நூல் உப்பி நிற்கும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும். முறுக்கின நூல் ஒல்லி, அது எதையும் மூடாது. நாலு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்க விடுங்கள், தானே சுழன்று பிரியும். இழுக்காதீர்கள். இழுத்தால் ஓட்டை பெரிதாகும், வெள்ளை தெரியும்.

துண்டைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் ஒரு முடிச்சு இல்லை. முப்பது வருஷமாகத் தைக்கிறேன், இத்தனை சுத்தமான பின்பக்கம் என் கையிலும் சில நாள்தான் வந்திருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

ஆனால் ஒன்று. இதில் எல்லாத் தையலிலும் மேலே விழும் இழை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலப்பக்கம்தான் சாயும். இடது கையால் தைத்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். இதைத் தைத்தது யார்?

விஸால்

ராமல்லா
6 ஜூன் 1984

அன்புள்ள விஸாலுக்கு,

பிடித்துவிட்டாய். எனக்கு ஊசி கோக்கவே பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியாதா? தன் அங்கியை மணப்பெண்தானே தைப்பாள். உன் மகள்தான் தைக்கிறாள்.

இடது கைதான். சோற்றுக்கு மட்டும் அடித்துப் பிடித்து வலது கைக்கு மாற்றினேன், ஊசிக்கு மாற்ற முடியவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. உன் அங்கியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றாள். உயரம் கேட்டாயே, என்னைவிட ஒரு சாண் அதிகம்.

எழுதச் சொன்னதும் அவள்தான். "நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாத அத்தை. விட்டுட்டுப் போனவகிட்ட நூலுக்காகப் போய் நிக்கிறேன்னு நெனப்பா" என்றாள். உன் பதிலைப் படித்ததும் பழைய மூலையை முழுக்கப் பிரித்துவிட்டு மூன்று இழையில் திரும்பப் போட்டாள். வெல்வெட் மாதிரி இருக்கிறது விஸால்! பொறாமை என்று நீ எழுதிய வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள்.

ரபீஹா

அம்மான்
24 ஜூன் 1984

அன்புள்ள ரபீஹா அக்காவுக்கு,

இதை அவளுக்கும் காட்டுங்கள். நான் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. விவாகரத்தான அன்று அவளுக்கு எட்டு வயது. பிள்ளை அப்பன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள் அக்கா, வாயைத் திறக்கவில்லை. அங்கியை நான் மறந்து விட்டுப் போகவில்லை. அவளுக்காக வைத்துவிட்டுப் போனேன்.

கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொல்லி எழுதவில்லை. கூப்பிடாவிட்டால் தாங்குவேனா என்பது வேறு விஷயம். கழுத்தோரம் தைக்கும்போது துணி நெகிழும், அங்கே இன்னும் மெல்லப் பிடிக்கச் சொல்லுங்கள். என்னைவிட நன்றாகத் தைக்கிறாள். இந்தத் தெருவில் எல்லோரிடமும் அந்தத் துண்டைக் காட்டிவிட்டேன்.

விஸால்

ராமல்லா
15 ஜூலை 1984

அன்புள்ள விஸாலுக்கு,

அந்த அறையில் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை. இந்தத் தடவை திறந்தேன். உன் கடிதத்தைத் தம்பி முன்னால் சத்தமாகப் படித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லைப் பாலம் தாண்ட உனக்கு அனுமதிச் சீட்டு வாங்கியவனும் அவன்தான். இதோடு இருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தாள். துண்டைத் திருப்பினாள், வெயிலில் பிடித்தாள். "இது யார் கை?" என்றாள். சுஹைர் நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா கை" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு சிக்கல். மார்பின் நடுவில் உள்ளங்கையளவு இடத்தைத் தைக்காமல் வெள்ளையாக விட்டிருக்கிறாள். நான் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள். "அது எங்கம்மா மூடவேண்டிய எடம். வரலன்னா அப்படியே போட்டுக்கிட்டு மேடையில ஒக்காருவேன். துணி தெரியட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

ரபீஹா

அம்மான்
28 ஜூலை 1984

என் அன்பு ரபீஹா அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை வருகிறேன். உள்ளங்கையளவு என்றால் எனக்கு நாலு நாள் வேலை. பத்து நாள் ஆகும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நூல் அவளிடம் இருப்பதே போதும், வேறு சாயத்து நூல் கலக்கக் கூடாது. மூன்று இழை கோத்து வைக்கச் சொல்லுங்கள். அன்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்கு ஊசி கோக்க வராது.

சுஹைரின் அம்மா