பின் சீட்டைக் கழுவ வேண்டாம்

எஸ்தர் அப்பாவுக்கு,

கன்னியப்பனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நேற்று நம் கார் அவர் மாட்டுவண்டியை இடித்ததில் ஒடிந்த காலுக்கு இன்றுதான் கட்டுப் போடுகிறார்கள். உங்கள் சோறு உறியில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு மெட்ராஸிலிருந்து இன்ஷூரன்ஸ் ஆள் வருகிறார். கார் பின் சீட்டில் உப்புப் போட்ட மாட்டுத்தோல் ஏற்றிய நாற்றத்தை மறைக்கத்தானே பினாயில் வாங்கி வைத்தீர்கள்? நமக்கு மூக்கு பழகிவிட்டது. அவருக்குக் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

"பாலிசில உனக்கு இன்னாடி தெரியும்?" என்று கத்தினீர்கள். இங்கிலீஷில் இருப்பதால் டீச்சரம்மாவை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நம் கார் நொறுங்கினால் கொடுப்பார்கள். தீப்பிடித்தாலும் திருடு போனாலும் கொடுப்பார்கள். நம்மால் அயலாருக்கு அடிபட்டாலும் கொடுப்பார்கள். கன்னியப்பன் கால் அதில்தான் வருகிறது. சரக்கைக் கூலிக்கு ஏற்றியிருந்தால் மட்டும் எதுவும் இல்லையாம்.

தோலை ஏற்றியதற்கு உங்கள் தோஸ்த் சாமுவேலிடம் கூலி வாங்கினீர்களா? வாங்காவிட்டால் பயமில்லை, தோல் இருந்ததைச் சொல்லுங்கள். வாங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். காரை விற்றுக் கன்னியப்பன் கால் வைத்தியத்தைப் பார்ப்போம். நாற்பது வருஷம் கோயிலுக்கு நடந்துதானே போனோம்? இன்னும் நடக்கலாம். எனக்கு அலுப்புதான், கோபமில்லை.

குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. "ஐயா மேல தப்பில்லீங்க, மாடுதான் மிரண்டுடுச்சு" என்று கன்னியப்பன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாடு மிரளவில்லை என்று உங்களுக்கும் தெரியும். நமக்காக அவர் ஒருத்தர் பொய் சொன்னது போதும்.

பினாயிலைத் தேடாதீர்கள். அவர் வார்டு கழுவ எடுத்துப் போகிறேன்.