கீழ்க்கோயிலின் வயது

ஜூன் 18, செவ்வாய்

எண்ணூறு வருடத்துக்கு மேல் கல்லுக்கு அடியில் கிடந்த ஒரு காசு இன்னும் பன்னிரண்டு நாள் கிடந்தால் என்ன கெட்டுவிடும்?

கீழ்க்கோயிலில் ஈரம் ஏறிய தரையை இன்று பெயர்த்தோம். பீடத்துக்கு முன்னால் உள்ள கல்லறைக் கல்லையும் தூக்கினோம். நான்கு வருடம், ஐந்து மாதம், பதினொரு நாள் வாழ்ந்த ஒரு குழந்தையின் கல். ஐந்தாம் நூற்றாண்டு, அதில் சந்தேகமில்லை. அதைச் சுற்றித்தான் கோயிலே எழுந்தது என்பது கீழ்த்தெருக்காரர்களின் கட்சி.

கல்லுக்கு அடியில் எலும்பு இல்லை. யாரும் கலைக்காத சுண்ணாம்புச் சாந்து. சாந்துக்குள் லூக்கா நகரத்து வெள்ளிக் காசு ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆக, கல் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து பதித்தது. சுவரிலும் அதே சாந்து. கோயிலின் வயது ஆயிரத்தைந்நூறு இல்லை, எண்ணூற்றைம்பது. மேல்கோயிலில் ஐந்து வருடத்துக்கு முன் எண்கோணத் திருமுழுக்குத் தொட்டியைத் தோண்டியெடுத்ததும் நான்தான். அது ஐந்தாம் நூற்றாண்டு. ஊரில் மூத்தது மேல்கோயில்.

முப்பதாம் தேதி புனித வெனான்சியோ திருவிழா. பவனியில் இளைய கோயிலின் சபை முன்னால் போகும். மூத்ததன் சபை கடைசியில், புனிதரின் மரச் சுரூபத்தை ஒட்டி; அதுதான் கௌரவம். நானூறு வருடமாகக் கடைசி இடம் கீழ்க்கோயிலுக்கு. இந்த வருடம் அதன் சபைத் தலைவர் என் அண்ணன் தூல்லியோ. இருபத்தேழு வருடம் சுரூபத்தைத் தோளில் சுமந்த பிறகு கிடைத்த இடம்.

ஜூன் 19, புதன்

தொல்லியல் துறைக்கும் பங்குக்கும் அறிக்கை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். அனுப்பவில்லை.

ஜூன் 21, வெள்ளி

தூல்லியோ வீட்டில் இரவுச் சாப்பாடு. அண்ணி லோரெத்தா முயல் சமைத்திருந்தாள். அவன் சபைத் தலைவரின் சிவப்பு மேலங்கியைப் போட்டுக் காட்டினான். சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நியாயம் என்று நினைத்தேன். சொன்னேன்.

"காசுதானே? எவனோ கை தவறிப் போட்டிருப்பான்."

"சாந்துக்குள்ள எப்படிண்ணா கை தவறும்?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலிக்கு எதுக்குங்க காசு?" என்றாள் அண்ணி.

அவன் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "சரி, நெசம்னே வச்சுக்குவோம். ஜூலை ஒண்ணாந்தேதி குடு. நான் கேக்கறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை."

தங்கை நான் பீசா நகரத்துக்குத் தொல்லியல் படிக்கப் போக அப்பாவோடு மூன்று மாதம் மல்லுக்கு நின்றவன் இவன். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முயல் நன்றாக இருந்தது. மிச்சத்தை அண்ணி ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 24, திங்கள்

இரண்டு கோயிலுக்கும் பங்குச்சாமியார் ஒருவரே, தோன் எவாரிஸ்தோ. காபிக் கடை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனுக்காக அறிக்கையை அமுக்கி வச்சிருக்கீங்கன்னு ஊரே பேசுதே?"

"இல்ல சாமி."

வீட்டுக்கு வந்து அனுப்பிவிட்டேன். உண்மைக்காகவா, ரோஷத்துக்காகவா? சாமியார் ஒரு நாள் பேசாமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேனா?

ஜூன் 25, செவ்வாய்

சாமியார் இரண்டு சபைத் தலைவர்களையும் கூப்பிட்டார். மேல்கோயிலுக்கு இர்மா, சதுக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"கவலைப்படாத தூல்லியோ. முன்னால போனா காத்து நல்லா வரும்."

"வயசக் குறைக்கத்தானே உன் கடையில களிம்பு விப்ப. இப்பக் கூட்டவும் வந்திருக்கா?"

தீர்ப்பு: மேல்கோயில் கடைசி, கீழ்க்கோயில் முதல். வெளியே படிக்கட்டில் தூல்லியோ என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். 'நீங்க'. நாற்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. இதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம், பாவி.

ஜூன் 27, வியாழன்

முயல் பாத்திரத்தை அண்ணி வந்து வாங்கிப் போனாள். உள்ளே வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மருந்துக்கடை மூலையில் நின்று பார்த்தேன். முன்னால் தூல்லியோவும் சிவப்பு அங்கிகளும். பிறகு பேண்டு வாத்தியம். பிறகு வெள்ளை அங்கியில் இர்மாவின் ஆட்கள், எட்டுப் பேர் தோளில் சுரூபம், ஒலிபெருக்கியோடு சாமியார்.

நீரூற்றுக்கு வந்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். மேல்கோயிலில்தான் பவனி முடியும். தூல்லியோ இடது பக்கம் திரும்பினான். பின்னால் பார்க்கவில்லை. பேண்டுக்காரர்கள் முன்னால் போகிறவர்களைத் தொடர்ந்துதான் பழக்கம். தெரு குறுகல், உள்ளே நுழைந்த சுரூபத்தைத் திருப்ப முடியாது.

"டேய் தூல்லியோ! வலது பக்கம்டா!" என்று இர்மா கத்தினாள். சிவப்பு அங்கிகள் இன்னும் உரக்கப் பாடினார்கள். ஜெபமாலையின் நடுவில் ஒலிபெருக்கி, "எங்க போறோம்?" என்று கேட்டது.

கீழ்க்கோயிலுக்குப் போனார்கள். வாசலில் மேசைகள் போட்டு, சுட்ட பன்றியை ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தார்கள். கடைசி இடத்துக்கு நானூறு வருடம் சண்டை போட்டார்கள். முன்னால் போகிறவன்தான் வழியைத் தீர்மானிக்கிறான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மேல்கோயில்காரர்கள் கொள்கைக்காகப் பத்து நிமிடம் நின்றார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாமியார் கத்தியதற்கு தூல்லியோவின் பதில்: "நாங்க யாரையும் கூப்பிடலையே சாமி. நடந்தோம். அவங்கதான் பின்னாலயே வந்தாங்க."

சுரூபத்தை மேல்கோயிலுக்கு யார் திருப்பித் தூக்கிப் போவது என்பதில் அடுத்த தகராறு. நாளைக்கு இரண்டு தரப்பும் வராது. சுரூபம் செப்டம்பர் வரை கீழேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தூல்லியோ என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 1, திங்கள்

தவறாக நினைத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு தூல்லியோ போன் செய்தான்.

"ஏழு பேர்தான் தேறுது. மத்தவன்லாம் வேலைக்குப் போயிட்டான். உனக்குத் தோள் இருக்கில்ல?"

நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. போனேன். பின்பக்கத் தண்டில் நானும் அவனும். எங்களுக்கு முன்னால் இர்மா, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். நீரூற்றில் இறக்கி வைத்தோம்.

"இந்தத் தடவை வலது பக்கம்" என்றாள்.

"தெரியும் போ."

மறுபடி தூக்கினோம். சுரூபத்தின் அடிப்பலகை என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், மேல்கோயில் வரை. இயந்திரத்தில் சுழலும் வட்ட ரம்பம் அறுத்த வளைந்த கோடுகள். பலகையும் புனிதரின் பாதமும் ஒரே மரத்துண்டு. சுரூபம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

மேலே இறக்கி வைத்ததும் தூல்லியோ கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "எண்ணூறு வருஷம்! நம்ம சண்டையெல்லாம் எத்தனை பாத்திருப்பாரு இவரு." பிறகு என்னைப் பார்த்தான். "என்ன அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லண்ணா. கனமா இருக்காரு" என்றேன்.