சுருங்கும் வட்டமும் மாமா போட்ட மோதிரமும்

மேற்கு ஜெர்மனி
12.2.1984

அன்புள்ள வேம்புக்கு,

நான் நல்ல சுகம். பாடாலூரில் நீயும் அத்தையும் சுகந்தானே? மாமாவின் மூட்டுவலி தேவலையா? இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

நேற்று பேராசிரியர் முன்னால் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினேன். தங்கத்தைவிட மிகக் கனமான, இன்னும் யாருமே உருவாக்காத ஒரு தனிமம் ஹைட்ரஜனோடு சேர்ந்தால் பிணைப்பு எவ்வளவு நீளம் இருக்கும் என்பதுதான் என் கணக்கு. கனமான அணுவில் எலக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடுகின்றன. அந்த வேகத்தில் அவற்றின் எடை கூடுகிறது, ஓடும் வட்டம் சுருங்குகிறது, பிணைப்பும் குட்டையாகிறது. தங்கம் வெள்ளியைப் போல வெளுத்திருக்காமல் மஞ்சளாக இருப்பதும் இந்த வேகத்தால்தான்.

அதை விளக்க, அரியலூரில் செய்யச் சொல்லி மாமா நம் கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தைக் காட்டிக் கையை வீசினேன். மோதிரம் பறந்துபோய் அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது! பேராசிரியரே குப்புறப் படுத்து, குடையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்தார். கலப்புத் தங்கத்தில் செய்த தன் வெளிறிய மோதிரத்தோடு ஒப்பிட்டு, இவ்வளவு மஞ்சளா என்று வியந்தார். ஒரே சிரிப்பு.

"என்னங்க, இது சோப்பு போட்டாத்தான் கழலும் போலருக்கே" என்று கல்யாணத்தன்று நீ சொன்ன அதே மோதிரம்தான். குளிரில் விரல் சுருங்குமாம், கவலைப்படாதே.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு. முடிந்தால் பருப்புப் பொடியும். மோதிரம் கழலாமல் இறுக்கிச் சுற்றுவதற்கு, நீயே மஞ்சள் தோய்த்த நூல் ஒரு முழம் கவரில் வை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். நூல் இங்கேயும் கிடைக்கும்தான். இருந்தாலும் நீ அனுப்பு.

உன்,
அரியமுத்து