பெற்றோர் குரல் கேட்கக் கூடாது

இன்று காலை சாம்பாருக்குத் துவரம்பருப்பு டின்னை இறக்கியபோது, நீ அதில் மாட்டியிருந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய்க் கையோடு அறுந்து வந்தது. கொரோனா நேரத்தில் போனை நிறுத்தி வைக்க நீ கண்டுபிடித்த ஸ்டாண்டு அது. நாற்காலிமேல் டின், டின்னில் போன், குறுக்கே ரப்பர் பேண்ட். அறுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே பள்ளிக்கூட குரூப்பில் மெசேஜ் வந்தது. கனமழை, விடுமுறை. ஆனால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். ‘என் ஊர்’ பற்றி ஐந்து வரி பேசி, சாயங்காலத்துக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். கடைசியில் அந்தப் பழைய வரி: பெற்றோர் குரல் கேட்கக் கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஸ் மாறிவிட்டார், ‘என் ஊர்’ மாறவில்லை, இந்தச் சட்டமும் மாறவில்லை. பெரியவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே வரியைப் படித்துவிட்டு நீ கத்தியது ஞாபகம் இருக்கிறது. “வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமாம்லா! பிள்ளைக்கு மறந்துபோச்சுன்னா யாரு எடுத்துக் குடுப்பா, அந்த மிஸ்ஸா வருவா?”

நீ ரகசியமாகத்தான் எடுத்துக்கொடுப்பாய். உன் ரகசியம் குத்துக்கல்வலசை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். வீடியோ திரும்பி வரும், நீ மிஸ்ஸைத் திட்டுவாய், மறுபடி எடுப்பாய். மிஸ் ஒப்புக்கொண்ட வீடியோக்களை உடனே அழித்துவிடுவாய். திரும்பி வந்ததை மட்டும் அழிக்க விடமாட்டாய். “இருக்கட்டும், ஒருநா நேர்ல போயி போட்டுக் காட்டி, இதுல என்ன குத்தம்னு கேக்கேன்” என்பாய். கேட்காமலே போய்விட்டாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள், கேஸ் அடைத்தாயிற்றா பாருங்கள் என்று வாசலில் சொன்னதோடு சரி.

குற்றாலத்தில் அருவி பொங்கிப் போய்க் குளிக்கத் தடை. ஆள் வராத ஊரில் சிப்ஸ் யாருக்குப் போடுவது? கடையை அடைத்துவிட்டு நானே வாத்தியாராக உட்கார்ந்தேன். சின்னவள் இப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் ஓயாமல் பேசுகிற வாய், போனைக் கண்டதும் பூட்டிக்கொள்கிறது.

“எங்க ஊரு பேரு தென்காசி” என்றாள்.

“எங்க ஊரு பேரு இல்லட்டி. எங்கள் ஊரின் பெயர்.”

“எங்கள் ஊரின் பேரு…”

“பெயர்!”

அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மறுபடி எடுத்தோம். அடுத்ததில் கோபுரத்தை விட்டாள். அதற்கடுத்ததில் அருவி வரவில்லை. நடுவில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை. நான் போட்ட சத்தத்தில் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன வீராப்பு வேண்டிக்கிடக்கிறது எனக்கு? எல்லாக் கோபமும் உன் பேரில்தான் போயிற்று. இதெல்லாம் உன் வேலை. என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

பெரியவள்தான் வந்து சொன்னாள்: “எப்பா, நீங்க சத்தம் போடுதிய. அதான் அவளுக்கு வர மாட்டேங்கு. செத்த சும்மா இருங்க.” உள்ளே போய் உன் பழைய போனை எடுத்துவந்தாள். கண்ணாடி உடைந்து பீரோவில் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அதில் சார்ஜ் முழுசாக இருந்தது. எனக்குத் தெரியாமல் இத்தனை நாளும் அவள் உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் சின்னவள் என்னிடம், “அம்மா எப்டிப்பா பேசுவா?” என்று கேட்டாள். நீ போகும்போது அவளுக்கு மூன்று வயது. “சத்தமா பேசுவா” என்றேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. கல்யாண வீடியோவைப் போட்டால் முழுக்கப் பாட்டுதான். உன் வாய் அசைகிறது, குரல் இல்லை. அன்றைக்கு அந்த வீடியோக்காரனைத் தேடிப்போய் அடிக்கலாம் போலிருந்தது.

பெரியவள் போனைத் தட்டினாள். அதே ‘என் ஊர்’. திரும்பி வந்த வீடியோ. சிறு பிள்ளையாகப் பெரியவள் முழித்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து நீ: “அருவி, அருவி! அருவியச் சொல்லுட்டி. கைய ஆட்டாத. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க, சிரிச்சாப்ல சொல்லு!”

சின்னவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். “யாருக்கா அது, அம்மாவா?” மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். நான் அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்கப் போய்விட்டேன். குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது, பெரியவள் என் போனுக்குப் பின்னால் உன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் எதிரில் நின்று ஊரைச் சொன்னாள், கோபுரத்தைச் சொன்னாள். நீ அருவி என்றதும் அருவியைச் சொன்னாள். நீ சிரி என்றதும், அடிப்பாவி, பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்தாளே!

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘குழந்தை நன்றாகப் பேசுகிறாள். ஆனால் பின்னால் அம்மா குரல் கேட்கிறது. குரல் இல்லாமல் மறுபடி அனுப்பவும்.’

பாவம், புது மிஸ். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர்மேல் கோபப்படக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சின்னவள் மடியில் வந்து விழுந்தாள்.

“மிஸ் என்னப்பா சொல்லுதாவ?”

“அம்மா குரல் கேக்குதாம்.”

“மிஸ்ஸுக்கும் கேட்டுச்சா?” என்று எழுந்து குதித்தாள். “எக்கா, மிஸ்ஸுக்கும் கேட்டுச்சாம்!”

டின்னுக்குப் புது ரப்பர் பேண்ட் மாட்டியாயிற்று. வீடியோவை மறுபடி எடுக்கவில்லை. மறுபடி கேட்டால் இதையேதான் மறுபடி அனுப்புவேன். உன்னோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு உன் பிடிவாதம் கொஞ்சமாவது ஒட்டாமலா போகும்? பள்ளிக்கூடம் திறந்ததும் உன் போனை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். போட்டுக் காட்டி, இதில் என்ன குற்றம் என்று கேட்கிறேன்.