எலி இறங்காத தோணி

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
14-10-1974

அன்புள்ள அத்தானுக்கு அல்போன்சா எழுதுவது.

இங்கே நானும் ஹில்டாவும் அத்தையும் மாதாவின் காவலில் இருக்கிறோம். கொழும்பில் மழை விடவில்லை என்றும், திரும்புவதற்குச் சரக்குக் கிடைக்காமல் நம் ‘ஆரோக்கிய மாதா’ இன்னும் துறையில்தான் நிற்கிறது என்றும் பர்னபாஸ் கும்பாதிரி சொன்னார். ஹில்டாவுக்கு ஞானத்தகப்பனாக நின்ற உரிமையில், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருடைய தோணியில் நீங்கள் ஏற்றி அனுப்பிய உங்கள் தம்பி வளன் வந்து சேர்ந்தான். நடந்து வரவில்லை. இரண்டு பேர் தோள்கொடுத்துக் கூட்டி வந்தார்கள். நல்ல காய்ச்சல். கண் இரண்டும் மஞ்சள். அத்தை பார்த்ததுமே காமாலை என்று முடிவுகட்டிவிட்டார்கள். நாங்களும் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம். எண்ணெய், மீன் எல்லாவற்றையும் நிறுத்தினோம். அடுத்த வீட்டுச் சங்கரம்மாள் வந்து, கையில் சூடு போட்டால் உடனே இறங்கிவிடும், ஆளைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டாள். அதற்கு மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குக் காமாலை வந்தபோது சோற்றைக் கண்டால் பிடிக்கவில்லை, எழுந்து நடக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். வளனோ கெண்டைக்காலைத் தொட்டால் கத்துகிறான். போர்வை பட்டால்கூடக் காலை இழுத்துக்கொள்கிறான். அத்தை கீழாநெல்லியை இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்கள். நான் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அங்கே ஜெபசெல்வி என்று ஒரு டாக்டரம்மா. நாசரேத்துக்காரர். நாக்கை நீட்டச் சொல்வார் என்று பார்த்தால் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் வெடிப்பும், ஆணி கீறிய புண்ணும் இருந்தன. “இந்தக் காலோட எந்தத் தண்ணியில நின்னீய?” என்று கேட்டார். கொழும்பில் தோணிக்கு மூடிபோட மறந்ததில் மழை உள்ளே இறங்கியதையும், தோணியின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரையும், அழுகிய வெங்காயத்தையும் வெறுங்காலோடு நின்று வாரிக்கொட்டியதையும் வளன் சொன்னான். “அங்கன எலி உண்டுமா?” என்று அடுத்த கேள்வி. அந்த வேதனையிலும் அவனுக்குச் சிரிப்பு. “எலி இல்லாத தோணி உண்டுமா டாக்டரம்மா? எங்க அண்ணன் அதுகளுக்குச் சோறு வச்ச பொறவுதான் எங்களுக்கே சட்டியைத் திறப்பாரு” என்றான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் புரியும்படி சொன்னார். எலியின் உடம்பில் ஒரு கிருமி உண்டாம். எலிக்கு அது ஒன்றும் செய்யாது. அதன் மூத்திரத்தோடு வெளியே வந்து, ஈரத்திலும் சகதியிலும் கிடக்கும். மனிதனுக்குக் காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் முதலில் வரும். கண் சிவக்கும். பிறகு சிலருக்கு மஞ்சளாகும், நீர் பிரிவது குறையும். அதனால் பார்ப்பவர்களுக்குக் காமாலை மாதிரி தெரிகிறது. ஆரம்பத்திலேயே வந்தால் பென்சிலின் ஊசிக்கு நன்றாகக் கேட்குமாம். வளனை உள்ளே படுக்க வைத்து ஊசி போடுகிறார்கள். செலவையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களிடம் கேட்பது இது. அடித்தட்டில் யாரும் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். கடல் தண்ணீரில் அந்தக் கிருமிக்கு அதிக நாள் ஆயுசு கிடையாதாம், மழைத் தண்ணீரில்தான் கிடக்குமாம். ஆகவே பலகைகளைப் பெயர்த்து எடுத்து, கடல் தண்ணீரை இறைத்து ஊற்றிக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் கிடைத்தால் போடுங்கள். வெயில் வரும்போது மூடியைத் திறந்து காயவிடுங்கள். எலிகளை ஒழித்துக்கட்டுங்கள். கடைசியாகச் சொன்னது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

வளன் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? மறக்காமல் எழுதவும்.

உங்கள்
அல்போன்சா

•

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
22-10-1974

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

வளனுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. நீங்கள் அவனை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தோணியைப் பத்திரமாகக் கொண்டுவருவதில் மட்டும் கவனம் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு மழை பெய்தது. அடுப்படி ஓட்டில் ஒழுகிய இடத்தை நானே ஏறிச் சரிசெய்தேன். ஹில்டா பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசப் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். பரிசாக ஒரு மாதா படம் கொடுத்தார்கள். செபமாலை மாதம் என்பதால் தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்வருகிறோம். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. தோணிக்காரர்கள் பிழைப்பு என்னவாகும் என்றுதான் தெருவில் எல்லோருக்கும் பேச்சு.

அடித்தட்டைக் கழுவினீர்களா? போன கடிதத்தில் எழுதிய ஒன்றையும் விட்டுவிட வேண்டாம்.

உங்கள்
அல்போன்சா

•

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
2-11-1974,
ஆத்துமாக்கள் திருநாள்

அன்புள்ள அத்தானுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உட்கார்ந்து படியுங்கள். பர்னபாஸ் கும்பாதிரி பக்கத்தில் இருப்பார்.

வளன் இல்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி விடியும்போது போய்விட்டான். ஊசி போட்டும் உடம்பு ஏற்கவில்லை, நீர் இறங்குவது அடியோடு நின்றுபோயிற்று. சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். நினைவோடுதான் வாங்கிக்கொண்டான். உங்கள் அப்பா கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். இன்று காலையில் நானும் அத்தையும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். போன கடிதத்தை எழுதும்போது அவனை அடக்கம் செய்து மூன்று நாள். அவனுக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

கடலில் இருக்கிறவர்களுக்கு நாம் சாவு எழுதுவதில்லை. கரையில் இறங்கியதும் துறையிலேயே இரண்டு பெரியவர்கள் வந்து கையைப் பிடித்துச் சொல்வார்கள். உங்கள் அப்பா இறந்தபோதும் உங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. கேட்டுவிட்டு மனம் உடைந்தால் சுக்கான் பிடிக்கிற கை தளரும், தோணியில் இருக்கிற அத்தனை உயிருக்கும் ஆபத்து என்று பெரியவர்கள் நினைத்து வைத்த வழக்கம். அதைக் குறை சொல்ல நான் யார். அத்தை பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, மூத்த பிள்ளைக்கு “எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதுளா” என்று சொன்னார்கள். அந்த மனதைப் பார்த்து நானும் எழுதினேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எலி இறங்கிப் போன தோணியில் நான் பாய் விரிக்கமாட்டேன், எங்க அப்பாவும் விரித்ததில்லை என்று எழுதியிருந்ததைக் கேட்டு அத்தை தலையாட்டினார்கள். வளன் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் நீங்களே இறங்கி வாரிக்கொட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியில், மழையில் நனைந்ததில் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, கெண்டைக்காலில் நல்ல வலி, மிளகுக் கஷாயம் குடிக்கிறேன் என்று இருந்தது. அதற்கும் அடுத்த வரி, “வளனுக்கே சரியாகிவிட்டதே, எனக்கென்ன.”

அத்தான், அந்த வரியை உங்களை எழுதவைத்தது நாங்கள்தான்.

அத்தைக்குக் கேட்கும்படி கெண்டைக்கால் என்ற இடத்தை இன்னொரு தரம் படித்தேன். அத்தை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார்கள். பிறகு, “எழுதுளா. அவன் சுக்கான் பிடிக்கவே வேண்டாம். உள்ளதை எழுது” என்றார்கள்.

உடனே தபாலாபீசுக்குப் போய், கொழும்பு ஏஜெண்டு கடை விலாசத்துக்குத் தந்தி கொடுத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று. தந்தியைப் பார்த்தால் பொம்பளைப் பயம் என்று சிரித்துப் பையில் போட்டுக்கொள்வீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கும்பாதிரி தோணி நாளைக் காலையில் புறப்படுகிறது.

தோணி முதலாளி வீட்டுக்கும் போனேன். “ஏளா, தோணி ஜோலி உனக்கு எதுக்கு? வீட்டுக் கணக்கைப் பாரு” என்றார். அண்ணாச்சி, வீட்டுக் கணக்கில்தான் ஒரு ஆள் குறைகிறது, அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். பிறகு ஆளை அனுப்பி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஐந்து ஜோடியும் கும்பாதிரி தோணியில் ஏற்றச் சொன்னார். கொழும்புத் துறைமுகத்து சுகாதார அதிகாரிகள் காதில் மட்டும் விழவேண்டாம், தோணியைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்றார். அதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. நீங்களே போய் அவர்களிடம் சொல்லுங்கள். புகைபோட்டு எலியை ஒழிப்பது அவர்கள் வேலைதான் என்று டாக்டரம்மா சொல்கிறார். பிடித்து வைத்தால் வைக்கட்டும். பிடித்து வைத்த தோணியை ஒருநாள் விட்டுவிடுவார்கள்.

‘ஆரோக்கிய மாதா’வில் இருக்கிற எல்லார் வீட்டுக்கும் போய்வந்தேன். அய்யாக்குட்டியின் பெண்சாதி முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். கடலில் இருக்கிறவருக்கு இதையெல்லாம் எழுதினால் ஆகாது என்றாள். எழுதாமல் விட்டதால் என் வீட்டில் என்ன ஆயிற்று என்று சொன்னேன். கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்துவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதினேன். தோணியை நடத்தும் தண்டல் நீங்கள், உங்களுக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்பதால், காய்ச்சல் உள்ளவன் யாராக இருந்தாலும் மறைக்கக் கூடாது என்று எல்லாக் கடிதத்திலும் எழுதியிருக்கிறது.

இனி எலி விஷயம். எலி இருக்கிற தோணி முங்காது என்கிறீர்கள். முங்கவில்லைதான். வளன் முங்கிப்போனான். தோணிக்கு மாதா பெயரை வைத்தோம். சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தோம். முன்பக்கம் அணியத்தில் அவள் படத்தையும் மாட்டினோம். அவ்வளவும் செய்துவிட்டுக் காவலை எலியிடம் ஒப்படைத்தால் அவள் என்ன நினைப்பாள்? நான் அதிகம் படித்தவள் இல்லை. செபப் புத்தகத்தையும் பலசரக்குக் கடைக் காகிதத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தவள். ஆனால் ஆண்டவரைத் தவிர வேறொன்றை நம்பாதே என்று முதலாம் கற்பனை சொல்வது எனக்குத் தெரியும். இதில் உங்களோடு வாதாட நான் தயார். இங்கே வந்து, எதிரில் உட்கார்ந்து வாதாடுங்கள்.

இந்த உறைக்குள் இன்னொரு சிறிய உறை இருக்கிறது. டாக்டரம்மா இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தது. கொழும்பு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்களாம். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று தோன்றினாலும் போகவேண்டும். வளனுக்கும் நடுவில் ஒருநாள் விட்டது. அன்று கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான்.

நீங்கள் மறுத்தால் தூக்கிக்கொண்டு போகும்படி கும்பாதிரியிடம் சொல்லியிருக்கிறேன். “தண்டலைத் தூக்கினா அடிப்பானே” என்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திருப்பி அடியுங்கள் என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டேன். கோபம் வந்தால் என்மேல் படட்டும்.

ஹில்டாவுக்குச் சித்தப்பா போனது தெரியும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்பது தெரியாது. அவளிடமும் மறைக்க எனக்கு இஷ்டமில்லை. உங்கள் பதில் வந்ததும் காய்ச்சலையும் அந்தப் பதிலையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் அத்தையின் ஆசீர்வாதத்தை எழுத வேண்டும். கேட்டேன். தரமாட்டேன் என்கிறார்கள். “ஆஸ்பத்திரியில சேந்துட்டேன்னு அவன் வாயால சொல்லி அனுப்பட்டும். அதுக்குப் பொறவு எவ்வளவு வேணும்னாலும் தாரேன். அதுவரைக்கும் கிடையாது” என்று சொல்லிவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். தூரத்தில் கிடக்கிற பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாமா என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

உங்களை எதிர்பார்த்திருக்கும்
அல்போன்சா