சாப்பாடு பாலத்து மேல இருக்கு

டீச்சரம்மா,

சாப்பாடு பாலத்து மேல இருக்கு. ஆமா, நான் கட்டின பாலம்! ரெண்டு நாற்காலிக்கு நடுவுல பாரு, மூணு பாத்திரமும் அது மேலதான் நிக்குது. போட்டோ எடுக்காம தொடாதே.

நேத்து ஒண்ணுமேல ஒண்ணு மாட்டுற உன் பிளாஸ்டிக் கட்டையை மிதிச்சுட்டு, "இன்ஜினியரிங் காலேஜ்ல பொம்மை வச்சா பாடம் நடத்துறே?"ன்னு கத்தினேன் இல்ல? நீயும் காலையில காபி கூட குடிக்காம கிளம்பிட்டே. சரி, உன் காலேஜ் பசங்க கட்டுற பாலத்தை நான் அஞ்சே நிமிஷத்துல கட்டிக் காட்டுறேன்னு உக்காந்தேன்.

ஏழு தடவை விழுந்துச்சு. அப்புறம்தான் புத்தி வந்துச்சு: கீழே ரெண்டு கட்டை சேர்ற இடத்துக்கு மேல இன்னொரு கட்டை ஏறி உக்காரணும். அவ்வளவுதான், ஆடவே இல்ல! தனியா நின்னு கை தட்டினேன்.

பத்து வருஷமா பாலத்து மேல பஸ் ஓட்டுறேன். அது ஏன் விழலைன்னு இன்னைக்குத்தான் யோசிச்சேன். இப்ப டிப்போவுக்கு லேட்டு, திட்டு விழுந்தா நீதான் பொறுப்பு.

சாப்பிட்டுட்டுத் திரும்பக் காலேஜுக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வீட்டுல குடு. உன் தம்பி வந்தா பாலத்துல கை வைக்க விடாதே.

சொல்ல மறந்துட்டேன்: கடைசியில ஒரு கட்டை குறைஞ்சுது. நேத்து கோவத்துல ஃப்ரிட்ஜுக்கு அடியில நான் வீசினதுதான். துடைப்பத்தால நோண்டி எடுத்தேன். நட்ட நடுவுல இருக்கற சிவப்பு அதுதான். வீசினவனே சொல்றேன், அதை மட்டும் உருவிடாதே, மொத்தமும் உக்காந்துடும்.